முதல் பாகம் வைத்துவிட்டுப் போன கடன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் கடலோரத்தோடு நிற்கவில்லை. மேற்கே வந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தும் பல கிராமங்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரங்கள் ஊமையாகிவிட்டன. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைக்கு 'உயிரோடுதான் இருக்கிறோம்' என்று சொல்வதற்கே சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போகவேண்டியிருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள்.

அதற்குப் பதின்மூன்றாம் நாள், நவம்பர் 29 அன்று, ஷங்கரின் '2.0' வெளியானது. 'எந்திரன்' படத்தின் இரண்டாம் பாகம். முழுக்க முழுக்க முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. செலவு ஐந்நூறு கோடிக்கு மேல் என்று சொன்னார்கள். ஒரு செல்போன் கோபுரத்தில் ஒரு முதியவர் தூக்கில் தொங்குவதில் படம் தொடங்குகிறது. பிறகு ஊரிலுள்ள செல்போன்கள் அத்தனையும் கைகளிலிருந்தும் பைகளிலிருந்தும் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கின்றன. செல்போன் இல்லாத உலகம் என்ற இந்தக் கற்பனையை, அப்போது நிஜமாகவே செல்போன் இல்லாமல் கிடந்த ஒரு மாவட்டத்துக்கு அருகே வைத்துப் பார்த்தால் படத்தின் பலவீனம் சட்டென்று தெரிகிறது. போன்கள் போனபின் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், யார் யாரைத் தேடினார்கள், எது நின்றுபோனது என்ற கேள்விகளில் படத்துக்கு ஆர்வமில்லை. சில நிமிடப் பரபரப்பு, அமைச்சர் கூட்டும் கூட்டம், அவ்வளவுதான். உடனே ராட்சதப் பறவை வந்துவிடுகிறது. வடகாட்டுக்காரர் ஒருவர் அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரையில் இல்லை.

அறிவியல் புனைகதைப் படத்தின் இரண்டாம் பாகம் எப்போது உயர்ந்து நிற்கிறது, எப்போது விழுகிறது என்ற கேள்வியை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பொதுவாகச் சொல்லப்படும் பதில்கள் தெரிந்தவைதான்: இன்னும் பெரிதாக இருக்கவேண்டும், வில்லன் இன்னும் வலுவாக இருக்கவேண்டும், பழைய பாத்திரங்கள் திரும்பி வரவேண்டும். இவை மூன்றும் உள்ள மோசமான படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், '2.0'வே மூன்றையும் வைத்திருக்கிறது. என் கணிப்பு வேறு. அறிவியல் கதையில் முதல் பாகம் உலகத்துக்குள் ஒரு புதிய பொருளைக் கொண்டுவருகிறது. ரோபோ, காலப் பயண இயந்திரம், வேற்றுக் கிரகத்து உயிர், ஏதோ ஒன்று. கதை முடியும்போது அந்தப் பொருளால் வந்த ஆபத்து நீங்குகிறதே தவிர, அந்தப் பொருள் வந்துவிட்டது என்ற உண்மை நீங்குவதில்லை. அதுதான் முதல் பாகம் வைத்துவிட்டுப் போகிற கடன். நல்ல இரண்டாம் பாகம் அதைத் தீர்க்க முற்படுகிறது. மோசமானது கடனையே மறந்துவிட்டுப் புதிதாகக் கடை போடுகிறது.

இதற்குச் சான்று தேடி ஹாலிவுட்டுக்குப் போகும் முன் புதுக்கோட்டையிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். பி.யு.சின்னப்பா. அந்தப் 'பி' இந்த ஊரின் பெயர்தான். 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் அவர் இரட்டை வேடம் போட்டார். தமிழ்த் திரையில் அதுவே முதல் இரட்டை வேடம் என்பார்கள். இரும்பு முகமூடி மனிதன் கதையின் தமிழ் வடிவம் அது. அரச குலத்தில் இரட்டைப் பிள்ளைகள், அரியணையோ ஒன்று. ஆக, இரண்டாவது சின்னப்பா திரையில் தோன்றிய கணமே 'யார் ஆள்வது?' என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. உருவம் இரண்டானதால் கதை நகர்கிறது. நான்கு ஆண்டு கழித்து, 1944இல், ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'ஜகதலப்பிரதாபன்' வந்தது. அதில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் சேர்ந்து உட்கார்ந்து கச்சேரி செய்கிறார்கள். பாடுகிறவரும் அவரே, பக்கவாத்தியமும் அவரே. அன்றைய ஒளிப்பதிவு வசதியில் அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் ஐந்து பேர் ஆனதால் கதையில் எதுவும் மாறுவதில்லை; பார்த்து வியக்கலாம், அதோடு சரி. (கோவையில் ஸ்ரீராமுலு நாயுடு நடத்திய ஸ்டூடியோவின் பெயர் பட்சிராஜா. '2.0' படத்து வில்லனின் பெயர் பட்சிராஜன். தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இரண்டு, மூன்று என்று எண் போட்டு வருகிற படங்கள் எல்லாவற்றையும் இந்த இரண்டு சின்னப்பா படங்களில் ஏதோ ஒன்றின் பக்கம் நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. ஒன்று விளைவு, மற்றது பெருக்கம்.

ஜேம்ஸ் கேமரூன் 1984இல் எடுத்த 'டெர்மினேட்டர்' சிறிய செலவில் ஆன படம். எதிர்காலத்திலிருந்து ஒரு கொலை இயந்திரம் வருகிறது. ஒரு பெண்ணைத் துரத்துகிறது. கடைசியில் ஓர் ஆலைக்குள் நசுக்கப்படுகிறது. ஆபத்து நீங்கியது. 1991இல் வந்த இரண்டாம் பாகம் மிகச் சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்கிறது: நசுங்கிய இயந்திரத்தின் மிச்சம் எங்கே போயிற்று? ஒரு கையும் உடைந்த சில்லும் ஒரு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்துதான், பின்னாளில் மனித குலத்தை அழிக்கப்போகிற கணினியையே வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிர் தப்பிய பெண்ணோ நடந்ததைச் சொன்னதற்காக மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருக்கிறாள். முதல் படத்தில் நடந்த எதுவும் வீண்போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே அதிகச் செலவானது என்று பேசப்பட்ட படம் அது. திரவ உலோக மனிதன் இன்றைக்கும் பிரமிப்பூட்டுகிறான். ஆனாலும் படம் நிற்பது அந்தக் கையின் மேலும் சில்லின் மேலும்தான். முடிவில் நல்ல இயந்திரம் தன் தலைக்குள் இருக்கும் சில்லும் மிஞ்சக்கூடாது என்று உருகிய உலோகத்துக்குள் இறங்குகிறது. கணக்கு முடிந்தது. அதற்குப்பின் வந்த டெர்மினேட்டர் படங்கள் எதுவும் தேறாததற்குக் காரணமும் இதுவே. முடிந்த கணக்கைத் திரும்பத் திறக்க, 'அழிவு நீங்கவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது' என்று பொய்க்கணக்கு எழுதவேண்டியிருந்தது.

செலவுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு 1982இல் வந்த இரண்டாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1979இல் வந்த முதல் படத்துக்குக் கொட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இதற்குத் தரவில்லை. இயக்குநர் நிக்கோலஸ் மேயர் என்ன செய்தார்? 1967இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பகுதி ஒன்றில், கப்பல் தலைவன் கிர்க், கான் என்பவனையும் அவன் கூட்டத்தையும் ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். போனவன் அவர்கள் கதி என்னவென்று பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து அந்த அலட்சியம் திரும்பி வந்து வட்டி கேட்கிறது. விண்வெளிக் கப்பல், கதிர்வீச்சு எல்லாம் இருந்தும் படம் முழுக்க முதுமையைப் பற்றியும் இளமையில் செய்த காரியங்களைப் பற்றியும்தான் பேசுகிறது.

'ஏலியன்' படத்தின் தொடர்ச்சியாக 1986இல் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' இன்னொரு வழி காட்டியது. ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்தது பேய்ப் படம். இது போர்ப் படம். படத்தின் வகையையே மாற்றிவிட்டார். ஆனால் கதாநாயகி ரிப்ளி 57 ஆண்டு விண்வெளியில் உறைந்து உறங்கி எழுந்திருக்கிறாள், அவள் சொல்வதை நிறுவனம் நம்பவில்லை, வேலையும் போய்விட்டது. வகை மாறினாலும் பாத்திரம் பட்ட காயம் மாறவில்லை. இதைத் தலைகீழாகச் செய்தது 1992இல் வந்த மூன்றாவது படம். இரண்டாம் படத்தில் ரிப்ளி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சிறுமியைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டது. அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது கூலியைப் பறிப்பதாகவே படுகிறது.

இவற்றையெல்லாம்விடப் பழைய உதாரணம் 1935இல் ஜேம்ஸ் வேல் எடுத்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்'. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில், படைக்கப்பட்ட உயிர் தன்னைப் படைத்தவனிடம் தனக்கொரு துணை கேட்கிறது. முதல் படம் இதை விட்டுவிட்டது. இரண்டாம் படம் அதையே எடுத்துக்கொண்டது. படைத்தவன் பட்ட பாடு போதும், படைக்கப்பட்டது என்ன விரும்புகிறது என்று கேட்டது. முதல் படத்தைவிட இதுவே மேல் என்று இன்றுவரை பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

படைக்கப்பட்டது என்ன விரும்புகிறது என்ற கேள்வி தமிழுக்கு 2010இல் வந்தது. 'எந்திரன்' இடைவேளைவரை ஒரு படம், அதற்குப்பின் வேறொரு படம். இது தமிழ் சினிமாவின் பொதுக்குணம். இடைவேளை என்ற வழக்கம் இருப்பதால் நம் படங்கள் ஏற்கெனவே தமக்குள் ஓர் இரண்டாம் பாகத்தை வைத்துக்கொண்டுதான் வருகின்றன. முதல் பாதியில் விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்ற ரோபோவை உருவாக்குகிறார், உணர்ச்சியும் ஊட்டுகிறார்; இரண்டாம் பாதியில் சிட்டி அவருடைய காதலி சனாவைக் காதலிக்கிறது, சிதைக்கப்படுகிறது, சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டு அழிவு சக்தியாக மாறுகிறது. நூறு சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேர்ந்து ஆடும் உச்சக்காட்சி சுத்தமான 'ஜகதலப்பிரதாபன்'. அதற்குப்பிறகு வரும் சின்னஞ்சிறு காட்சிதான் படத்தின் உயிர். நீதிமன்றம் கலைக்கச் சொல்கிறது. வசீகரன் கட்டளையிட, சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றுகிறது. கடைசியில் 2030ஆம் ஆண்டு, ஓர் அருங்காட்சியகம். பள்ளிக் குழந்தை ஒன்று ஏன் கலைத்தார்கள் என்று கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதால் என்று பதில் வருகிறது. வசனத்தில் பங்கேற்ற எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். படம் வெளியானபோது அவர் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசிப் பதிலில் அவருடைய வாடை இருக்கிறது.

சிந்தித்ததற்காக ஓர் உயிரைக் கலைத்தோம். எவ்வளவு பெரிய கடன்! இதை வைத்துக்கொண்டு எத்தகைய இரண்டாம் பாகம் எடுத்திருக்கலாம். '2.0' சிட்டியைத் திரும்பப் பூட்டுகிறது, ஏனென்றால் பறவை அரக்கனை அடக்க ஆள் வேண்டும். கலைக்கப்பட்டதைப் பற்றிச் சிட்டிக்கு மனக்குறை உண்டா, கோபம் உண்டா, பயம் உண்டா? ஒன்றுமில்லை. 2030 அருங்காட்சியகத்தைப் படம் கண்டுகொள்ளவும் இல்லை. இதைவிட மோசம் சிவப்புச் சில்லு. முதல் படத்தில் அதுதான் விஷம். அதனால்தான் அத்தனை பேர் செத்தார்கள், அதனால்தான் வழக்கே வந்தது. இரண்டாம் படத்தில் அதே சில்லு மருந்தாகத் திரும்பி வருகிறது. அது பொருத்தப்பட்டதும் திரையரங்கில் விசில் பறந்தது. எந்தக் கேள்வியை முதல் பாகம் கேட்டதோ அதை இரண்டாம் பாகம் ரசிகரின் கைதட்டலுக்காக விற்றுவிட்டது. பறவைகளுக்காகக் கண்ணீர் விட்ட படம், புறாக்கள்மேல் குட்டி ரோபோக்களை ஏற்றி, அந்தப் புறாக்களையே கொன்றுவிடுவதாக மிரட்டித்தான் வில்லனை வெல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் தூக்கில் தொங்கிய பட்சிராஜனின் முன்கதை நல்ல பகுதி. பறவையியல் அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றம். தான் பார்த்துப் பார்த்து வளர்த்த பறவைகள் கண்ணெதிரே சாக, அலுவலகம் அலுவலகமாக அலைந்து தோற்றுப்போகிற கிழவர். செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்பதற்கு அறிவியல் உலகம் ஒப்புக்கொண்ட சான்று இல்லை. படம் வெளியாகும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அதை விடுங்கள், புனைகதைக்கு அந்த உரிமை உண்டு. விராலிமலையில் மயில் அகவுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பட்சிராஜனின் துக்கம் புரியாமல் போகாது. என் வருத்தமெல்லாம் இதுதான்: மனிதர்கள் பேச்சைக் கேட்காமல் ஒதுக்கித் தள்ளிய ஒருவர் பட்சிராஜன், சிந்தித்ததற்காக மனிதர்கள் கலைத்துப் போட்ட ஒருவன் சிட்டி. இரண்டு பேருக்கும் ஒரே வழக்கு. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசவிட்டிருந்தால் அந்த ஐந்நூறு கோடியில் பாதி மிச்சமாகியிருக்கும். படமும் பெரிய படமாகியிருக்கும். ஷங்கர் அவர்களை மைதானத்தில் மோதவிட்டார்.

இந்தப் படத்தில் எமி ஜாக்சன் நடித்த பெண் ரோபோவின் பெயர் நிலா. சுஜாதா வாசகர்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று வேறொரு நிலாவைக் கொண்டுவரும். தமிழில் அறிவியல் கதையின் இரண்டாம் பாகம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு முன்மாதிரி உண்டு. அது சினிமா அல்ல, தொடர்கதை. 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'. 2021இல் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அனுமதி வாங்கவேண்டும். காணாமற்போன கணவனைத் தேடுகிற நிலாவுக்கு ஜீனோ என்கிற இயந்திர நாய் துணைக்கு வருகிறது. ஜீவா என்ற தலைவரே ஒரு மாயப் பிம்பம் என்பது வெளியாகி ஆட்சி கவிழ்கிறது.

வேறு எழுத்தாளராக இருந்தால் இரண்டாம் பாகத்தில் ஜீவாவைவிடக் கொடியவன் ஒருவனைக் கொண்டுவந்திருப்பார். 'மீண்டும் ஜீனோ'வில் சுஜாதா கேட்டது, பிம்பத்தை உடைத்தவர்கள் அடுத்த நாள் காலையில் என்ன செய்வார்கள் என்பதை. நிலாவை அரசியாக உட்காரவைத்துவிட்டு, பிம்பத்தை உடைத்த ரவியும் மனோவும் பின்னாலிருந்து ஆள்கிறார்கள். அதாவது இன்னொரு பிம்பம். இந்தமுறை சதையும் ரத்தமுமாக. முதல் கதையின் வெற்றியே இரண்டாம் கதையின் சிக்கல். ஜீனோவும் பழைய ஜீனோவாக இருப்பதில்லை; படிக்கிறது, வாதாடுகிறது, மனிதரிடம் காணாத மனிதத்தன்மை அதனிடம் ஊறிக்கொண்டே போகிறது. செலவு என்று பார்த்தால் காகிதமும் மையும்தான். தூர்தர்ஷனில் முதல் கதை தொடராகவும் வந்தது. நாய் பொம்மையைப் பார்த்துச் சிரித்தவர்களும் கதையை விடாமல் பார்த்தார்கள்.

விளைவு, பெருக்கம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு நோயும் உண்டு: விளக்கம். 1968இல் வந்த குப்ரிக்கின் '2001' படம், விண்கலத்துக் கணினி ஹால் ஏன் கொலை செய்தது என்பதை நம் கையிலேயே விட்டுவிட்டுப் போனது. 1984இல் வந்த '2010' அதற்குக் காரணம் சொன்னது: அதிகாரிகள் முரண்பட்ட உத்தரவு கொடுத்தார்கள், ஹால் குழம்பிவிட்டது. காரணம் சரியாகவே இருக்கிறது. ஆனால் பதினாறு ஆண்டு நம்மை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அலுவலகக் குறிப்பாகச் சுருங்கிப்போனது. கேள்வியைத் தீர்ப்பதும் கேள்வியைக் கொல்வதும் வேறு வேறு. 2017இல் 'பிளேட் ரன்னர் 2049' எடுத்த டெனி வில்நெவ்வுக்கு இது தெரிந்திருந்தது. 35 ஆண்டுக்கு முந்தைய படத்தின் நாயகன் மனிதனா, செய்யப்பட்டவனா என்ற பழைய விவாதத்துக்கு அவர் பதில் சொல்லவில்லை. மாறாக, செய்யப்பட்டவர்களுக்கும் பிள்ளை பிறக்கக்கூடும் என்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தப் பிள்ளை தான்தான் என்று நம்புகிற நாயகன், அது தானில்லை என்று அறிகிற இடம் அபாரமானது. படம் வசூலில் ஏமாற்றியது. அதைப் பற்றி என்ன சொல்ல.

இந்தியில் 'கோயி மில் கயா' 2003இல் வேற்றுக்கிரகவாசியின் கதையாகத் தொடங்கி, 'கிரிஷ்' தொடரில் சூப்பர் ஹீரோ கதையாக முடிந்தது. வந்த விருந்தாளியை மறந்துவிட்டு அவன் கொடுத்த சக்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தெலுங்கில் 2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி' போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது. ஒரே கதையை நடுவில் அறுத்து இரண்டாக விற்பது வேறு சங்கதி. அங்கே இரண்டாம் பாகம் வெறும் மறுபாதி. இப்போது தமிழில் எந்தப் படமானாலும் கடைசி நிமிடத்தில் ஒரு கொக்கி போட்டுவிட்டுத்தான் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. கொக்கி கடன் ஆகாது. கடன் கதைக்குள்ளிருந்து வரவேண்டும்.

கதைக்குள் கடன் வைத்திருக்கிற தமிழ்ப் படங்கள் இல்லாமலில்லை. 2015இல் ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை'யில், 2065லிருந்து வந்த காலப் பயண இயந்திரம் இரண்டு வேலையற்ற இளைஞர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் அதை வைத்து, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற ஜோசியக் கடை நடத்துகிறார்கள்! அறிவியலை நம் மண்ணுக்குக் கொண்டுவருவது என்றால் இதுதான். ஒரு சின்னத் தலையீட்டால், சாகவேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அந்தத் தவறின் விளைவிலேயே படம் ஓடுகிறது. இரண்டாம் பாகத்துக்கு அறிவிப்பும் வந்தது. 2065இல் அந்த இயந்திரத்தை ஏன் செய்தார்கள், ஜோசியத்துக்குப் பழகிய ஊர் இயந்திரம் போனபின் என்ன செய்யும் என்ற இரண்டு கேள்விகள் தயாராகக் காத்திருக்கின்றன.

யாருமே தொடாத கடன் ஒன்றும் நெடுங்காலமாகக் கிடக்கிறது. 1963இல் ஏ.காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருகிறார்கள். நம் தங்கமும் நிலமும் அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் கிரகத்தில் எல்லாம் உண்டு, இசை மட்டும் இல்லை. ஆகவே பாடத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பானுமதி. பின்னாலேயே எம்.ஜி.ஆர். போய் மீட்டு வருகிறார். இசையே அறியாத ஒரு கிரகம் கொஞ்ச நாள் பானுமதியின் பாட்டைக் கேட்டுவிட்டு, பிறகு அதையும் இழந்தது. அங்கே இப்போது யார் என்ன பாடுகிறார்கள், பாட்டு வந்தபின் அவர்கள் அரசு எப்படி ஆயிற்று, திரும்ப வந்தால் இம்முறை என்ன கேட்பார்கள்? ஐந்நூறு கோடி தேவையில்லை. நாதஸ்வரமும் தவிலும் கோயிலுக்குக் கோயில் கேட்கிற புதுக்கோட்டைச் சீமையில் ஒரு திருவிழா இரவில் அவர்களை இறக்கினால் போதும். மிச்சத்தை எழுத்தாளர் பார்த்துக்கொள்வார்.